எச்சில் கொடுத்தவன்

எழுபத்து மூவாயிரத்து நானூறு. தராசுக்காரர் செத்துக் கிடந்த அன்று நான் அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த பணம் அது. கிடங்கில் வேலை செய்த அத்தனை பேரும் அவரிடம் கடன்பட்டவர்கள்தான். ஆனால் என் கடன்தான் எல்லாவற்றிலும் பெரியது. போலீஸ்காரர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எங்களுடையது பழைய பாட்டில் கிடங்கு. லாரியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவிழ்த்துக் கொட்டி வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பிரிக்க வேண்டும். மூடியைத் திருக வேண்டும், கழுத்து வளையத்தைக் குறடால் நெம்ப வேண்டும், உடைந்ததைச் சில்லுக் குவியலில் தள்ள வேண்டும். நாள் முழுக்கக் கண்ணாடியோடு கிடப்பவனுக்குக் கை கிழியாமல் இருக்குமா? கையுறை கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் விரல் நுனியில் ஓட்டை விழுந்துவிடும், அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் கிடங்கில் ஒரு வழக்கம். தரையில் ரத்தம் சொட்டியிருந்தால், யார் பார்த்தாலும் உடனே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். அடுத்தவன் வழுக்கி விழக்கூடாது, ஈ மொய்க்கக்கூடாது, முதலாளி பார்த்து முகம் சுளிக்கக்கூடாது. அதற்கென்றே வாசலில் ஒரு டிரம்மும் குவளையும் இருக்கும். யாருடைய ரத்தம் என்று கேட்க மாட்டோம். ஊற்றிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

தராசுக்காரர் எடைமேடைக்குப் பொறுப்பானவர். கிடங்கின் மூலையில் பலகையும் தகரமும் அடித்த சின்ன அறையில் உட்கார்ந்திருப்பார். கடனும் வட்டியும் பிடித்தது போக மிச்சக் கூலி அந்த அறையின் ஜன்னல் வழியாக எங்களுக்கு வரும். உள்ளே நாங்கள் போவதில்லை.

அன்று காலையில் தண்ணீர் நிரப்புவது என் முறை. நான்தான் முதல் ஆளாகப் போனேன். அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. விளக்கை அணைக்காமல் போய்விட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். இரும்பு மேசைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்தே இருந்தது. தலைக்குக் கீழே ரத்தம் கறுத்துத் தடித்திருந்தது. மேசை மேல் பணம் இருந்தது. ஒரு பாட்டில் உடைந்து கிடந்தது.

நான் கத்தியிருக்க வேண்டும். ஓடியிருக்க வேண்டும். என் கை என்ன செய்தது தெரியுமா? போய்க் குவளையில் தண்ணீர் மொண்டு வந்து அந்த ரத்தத்தின் மேல் ஊற்றியது. கறை போகவில்லை என்று திரும்பவும் போய் மொண்டு வந்து ஊற்றியது. மறுபடியும் டிரம்முக்குள் கையை விட்டபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, மனுஷன் செத்துக் கிடக்கிறான், நான் தரை கழுவிக்கொண்டிருக்கிறேனே! அதற்குப் பிறகுதான் என் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது.

இன்ஸ்பெக்டர் என்னை எடைமேடை மேலேயே உட்கார வைத்து விசாரித்தார். முள் என் எடையைக் காட்டிக்கொண்டு நின்றது.

“ஏன்யா கழுவுன?”

“பழக்கம் சார்.”

“பொணத்தச் சுத்திக் கழுவுறது பழக்கமா?”

“ரத்தத்தக் கண்டா ஊத்திருவோம் சார். எல்லாரையும் கேட்டுப் பாருங்க.”

“எவ்வளவு குடுக்கணும் அவருக்கு?”

சொன்னேன். அவர் புருவத்தை உயர்த்தினார்.

“இவ்வளவு வாங்கி என்ன பண்ணுன? மாடி வீடு கட்டுனியா?”

“தம்பிக்குக் கடை வெச்சுக் குடுத்தேன் சார். பிரிட்ஜ், ஏசி எல்லாம் ரிப்பேர் பாப்பான். கெட்டிக்காரன்.”

“அண்ணன்னா இப்படி இருக்கணும்” என்று பக்கத்துப் போலீஸ்காரரிடம் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மதியத்துக்கு மேல் சோதனைக்கூடத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். காலுக்கும் தலைக்கும் உறை மாட்டிக்கொண்டு, பெட்டியோடு வந்தார். என்னைத் திட்டவில்லை. “எங்க நின்னு ஊத்துனீங்க? எந்தப் பக்கமாத் தண்ணி ஓடுச்சு?” என்று மட்டும் கேட்டார். நான் காட்டிய இடத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து தரையின் சரிவை உற்றுப் பார்த்தார். பிறகு கிடங்கின் ஜன்னல், வாசல் எல்லாவற்றையும் தார்ப்பாயால் மூடச் சொன்னார். பட்டப்பகலில் உள்ளே கும்மிருட்டு.

“கழுவுனாலும் ரத்தம் இருந்த இடம் காட்டிக் குடுத்துரும். பாருங்க” என்று அறைக்குள் ஏதோ மருந்தைத் தெளித்தார். நான் ஊற்றிய இடம் நீலமாகப் பூத்தது. தண்ணீர் ஓடிய தடம் கூட வாலைப் போல நீண்டு தெரிந்தது. கொன்றவன் எந்தப் பக்கமாகப் போனான் என்று பார்க்க, கதவுக்கு வெளியேயும் தெளித்துக்கொண்டே போனார்.

கிடங்கே பற்றிக்கொண்டதைப் போல இருந்தது. நிறம் பிரிக்கும் இடம், மூட்டை அவிழ்க்கும் இடம், சில்லுக் குவியலின் ஓரம், டிரம்மைச் சுற்றி, வாசல்படி வரைக்கும். புள்ளி புள்ளியாக, கோடு கோடாக, அகலமாக, நீலமாக எரிந்தது. நான் தினமும் குந்தி உட்காரும் இடம் மற்ற இடங்களை விட அதிகமாகவே எரிந்தது.

இருட்டில் இன்ஸ்பெக்டரின் குரல் மட்டும் கேட்டது. “என்னய்யா இது! எத்தன பேரைக் கொன்னு போட்டீங்க இங்க?”

“யாரையும் இல்ல சார்” என்றேன். “இது நாங்க வேலை செஞ்சது.”

அந்த அம்மா கையில் குப்பியோடு அப்படியே நின்றார். நீலம் மெல்ல மெல்ல அடங்கியது. தார்ப்பாயை விலக்கியதும் பழைய சாம்பல் நிறத் தரைதான். ஆனால் அன்று முதல் அதன் மேல் நடக்க என் கால் கூசியது.

“தரை நமக்கு உதவாது. எல்லார் ரத்தமும் இருக்கு” என்று அந்த அம்மா இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். “அறைக் கதவுத் தாழ்ப்பாள்ல, உள்பக்கம் ஒரு கறை இருக்கு. அங்க தண்ணி படல. வெளிய போனவன் கையில காயம் பட்டிருக்கணும். அது இறந்தவரோடது இல்லன்னா, யாருதுன்னு பாக்கணும். வேலை செய்யுறவங்க வாயில ஒரு பஞ்சுக்குச்சி வெச்சு எச்சில் எடுத்தா, சம்பந்தம் இல்லாதவங்கள ஒதுக்கிடலாம். இஷ்டம் இருந்தாக் குடுக்கலாம். கட்டாயம் இல்ல.”

ஒதுக்கிடலாம். அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். மூழ்குகிறவன் கையில் கயிறு கிடைத்த மாதிரி.

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். ஊரை விட்டு நகரக்கூடாது என்று மட்டும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தால் தம்பி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டான். அவன் உடம்பு நடுங்கியது. அண்ணனுக்காக இப்படித் துடிக்கிறானே என்று எனக்குக் கண் கலங்கியது.

எச்சில் விஷயத்தைச் சொன்னேன்.

“குடுக்காதண்ணே” என்றான் உடனே.

“ஏன்டா?”

“அவங்க என்ன செய்வாங்கன்னு நமக்கு என்ன தெரியும்? உன் எச்சில எடுத்து அங்க தடவிட்டு நீதான்னு சொன்னா?”

என் வீட்டுக்காரியும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டாள். “தம்பி சொல்றதும் சரிதானே? கட்டாயம் இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க. நீங்க ஏன் முந்திக்கிட்டுப் போறீங்க? யாரு என்ன கேட்டாலும் தூக்கிக் குடுத்துருவீங்களா?”

“நான் செய்யல. செய்யாதவன் எதுக்குப் பின்வாங்கணும்? எல்லாரும் என்னைத்தான் பாக்குறாங்க. இன்னிக்கு வாசல்ல நின்ன பயல்கள்ல ஒருத்தன் கூட என்கிட்ட பீடிக்கு நெருப்பு கேக்கல. தெரியுமா உனக்கு?”

“அண்ணே, எனக்காகக் குடுக்காத” என்றான் தம்பி. அவன் முகம் காய்ந்துபோயிருந்தது.

“உனக்காகத்தான்டா குடுக்கிறேன். நாளைக்கு உனக்குப் பொண்ணு பாக்கப் போனா, அண்ணன் கொலைகாரன்னு ஒருத்தன் சொல்லக்கூடாது.”

அவன் அண்ணி கொடுத்த டீயைக் குடிக்காமலே கிளம்பிப் போனான்.

மறுநாள் கிடங்கு வாசலில் மேசை போட்டார்கள். ஆட்கள் சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் ஊசி என்றான், ஒருவன் மயக்க மருந்து என்றான். எங்களில் ஓட்டைவாயன் என்று ஒருவன் இருந்தான், அவனுக்குச் சும்மா நிற்க வராது.

“எச்சில் துப்புனா அபராதம்னு சுவர் பூராம் எழுதி வெச்சாங்க. இப்ப அவங்களே வந்து கேட்டு வாங்குறாங்க பாரு. நமக்கும் ஒரு காலம்!”

“முதல்ல என்னுத எடுத்துக்கங்கம்மா” என்று நான் போய் நின்றேன்.

ஒரு தாளைக் கொடுத்தார்கள். கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நகர்த்தினார் ஒரு போலீஸ்காரர். நான் அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தாளைப் படித்தேன். எனக்குப் படிக்க நேரமாகும். வாலிபம் போன பிறகு, தொழிற்சங்கக் கட்டிடத்தில் வேலை முடிந்த களைப்போடு உட்கார்ந்து கற்ற எழுத்து. மனதார, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தருகிறேன் என்று இருந்தது. எழுத்துக்கூட்டி முடித்துவிட்டு என் பேரை முழுசாக எழுதினேன். என்னைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். வர மறுத்த இரண்டு பேரைக் கூட நான்தான் தோளில் கை போட்டு அழைத்து வந்தேன். “ஒண்ணும் பண்ணாதுடா. பல்லு தேய்க்கிற மாதிரிதான்” என்று சொன்னேன்.

முடிவு வரும் வரைக்கும் தம்பி தினமும் வந்தான். வக்கீலைப் பார்க்கலாம் என்றான், கடையை விற்றாவது பணம் புரட்டுகிறேன் என்றான். பேசும்போது என் தோள் மேல் கை வைத்துக்கொள்வான். ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்ட அன்றும் அவன்தான் வண்டியில் கூட்டிப் போனான். “நான் வெளியே இருக்கேண்ணே” என்று மர பெஞ்சில் உட்கார்ந்தான்.

உள்ளே இன்ஸ்பெக்டரும் அந்த அம்மாவும் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் எனக்கு நாற்காலி காட்டினார். முதல் முறையாக.

“தாழ்ப்பாள்ல இருந்த ரத்தம் உங்களோடது இல்ல” என்றார் அந்த அம்மா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன். “நீங்க நல்லா இருக்கணும்மா. நான்தான் சொன்னேனே சார், நான் இல்லன்னு. என் தம்பி கூடக் குடுக்காத குடுக்காதன்னான். நான்தான் பிடிவாதமாக் குடுத்தேன்.”

அந்த அம்மா என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் ரொம்பத் தன்மையாகக் கேட்டார். “உங்க கூடப் பிறந்தவங்க எத்தன பேரு?”

“ஒரே தம்பி சார். அப்பா அம்மா போனப்ப இத்தனூண்டு. நான்தான் வளத்தேன். தங்கமான பய. இப்பக் கூட வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்கான். கூப்பிடவா?”

சந்தோஷத்தில் சொன்னேன். வாய் நிறையச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் வாசலில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் வெளியே போனார். எனக்கு அப்போதும் புரியவில்லை.

“ஐயா” என்றார் அந்த அம்மா. என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. “அந்த ரத்தம் உங்களோடது இல்ல. ஆனா அப்பா வழியா ஆம்பளப் பிள்ளைக்கு வர்ற அடையாளம்னு ஒண்ணு இருக்கு. அது உங்களுக்கும் அதுக்கும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. மத்ததும் நிறைய ஒத்துப்போகுது. கூடப் பிறந்தவங்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி வரும். தம்பியோட எச்சில் எடுத்துப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.”

“என்னம்மா சொல்றீங்க? அவன் கிடங்குக்கே வந்ததில்லயே. அவன் எச்சில் உங்ககிட்ட இல்லயே?”

“உங்களோடது இருந்துச்சு” என்றார்.

அப்போது என் கண்ணுக்கு முன்னால் ஒரு கை வந்தது. தம்பியின் வலது கை. உள்ளங்கையில் துணிக்கட்டு. தராசுக்காரர் செத்துக் கிடந்த அன்று சாயங்காலம் என்னைக் கட்டிக்கொண்டபோதே அது இருந்தது. தினமும் என் தோள் மேல் அவன் வைத்தது அந்தக் கையைத்தான். எங்கள் வீட்டில் கட்டுப் போட்ட கையை யாரும் பார்ப்பதில்லை. எனக்கே எப்போதும் ஏதாவது ஒரு விரலில் துணி இருக்கும். என் வீட்டுக்காரிக்கு அது மூக்கு, காது மாதிரி உடம்பில் ஒன்று. ஊரில் வேறு எந்த அண்ணனாக இருந்தாலும், கையில என்னடா என்று கேட்டிருப்பான்.

கதவு திறந்தது. தம்பி இரண்டு காகிதக் கோப்பைகளில் டீ வாங்கி வைத்திருந்தான் போல. அதோடேயே உள்ளே வந்தான். என் முகத்தைப் பார்த்தான். அந்த அம்மாவைப் பார்த்தான். கோப்பைகளை மேசையில் சிந்தாமல் வைத்தான்.

“சொன்னேனேண்ணே” என்றான். “குடுக்காத குடுக்காதன்னு.”

நான் எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“நீயாடா?”

“கொல்லணும்னு போகலண்ணே. கொஞ்சம் பணம் சேத்து வெச்சிருந்தேன். அதக் குடுத்து, வட்டியக் கொறைங்க, அண்ணனுக்கு முட்டி தேஞ்சுபோச்சு, குந்தி உக்கார முடியலன்னு கேக்கத்தான் போனேன். பணத்த எண்ணி மேசையில வெச்சுக்கிட்டு, இது வட்டிக்கே காணாது, முட்டி தேஞ்சா என்ன, இன்னும் கை இருக்கேன்னு சிரிச்சாரு. தள்ளிட்டேன். ஒரு தள்ளுதான். மேசை முனையில போய் விழுந்தாரு. பாட்டிலும் விழுந்து உடைஞ்சுச்சு. அவரத் தூக்கலாம்னு கைய ஊனுனேன், கிழிச்சிருச்சு. மூச்சு இல்ல. பயந்து வந்துட்டேன்.”

மேசை மேல் இருந்த பணம் அவனுடையது. எனக்காகக் கொண்டுபோனது.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எனக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

“என்னைப் பிடிச்சு உள்ள போட்டிருந்தா வந்து சொல்லியிருப்பியாடா?”

“உன்னைப் போட மாட்டாங்கண்ணே. நீதான் ஒண்ணும் செய்யலயே.”

“போட்டிருந்தா?”

அவன் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் காத்திருந்தேன். இன்ஸ்பெக்டரின் பேனாவும் நின்றது. போலீஸ்காரர் வந்து அவன் முழங்கையைப் பிடித்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்துப் பதமாகத்தான் பிடித்தார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. என் வீட்டுக்காரி கதவைத் திறந்து, “என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“நான் இல்லன்னு சொல்லிட்டாங்க.”

“அப்பாடா! தம்பி எங்க?”

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தம்பியின் எச்சிலும் ஒத்துப்போனது. அவன் உள்ளே போனான், கடையைச் சாத்தினார்கள், வழக்கு இன்னும் நடக்கிறது. பார்க்கப் போனால் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “முட்டி எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்கிறான். என் மேல் கோபம் இல்லை என்கிறான். நான் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கிடங்கில் யாரும் என்னை ஒன்றும் சொல்வதில்லை. ஓட்டைவாயன் கூட என் பக்கத்தில் வந்தால் வாயை மூடிக்கொள்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை.

கடன் அப்படியே இருந்தது. பிடிப்பதற்குத்தான் ஆள் இல்லை. கொடுக்காமல் இருந்துவிடலாம், கேட்பாரில்லை என்று என் வீட்டுக்காரி கூடச் சொல்லவில்லை. கூலி வாங்கிய அன்று, பிடிக்க வேண்டிய பங்கைத் தனியாக எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தராசுக்காரர் வீட்டுக்குப் போனேன். தெருவை இரண்டு தரம் சுற்றிவிட்டுத்தான் கதவைத் தட்டினேன்.

அவர் சம்சாரம் வந்தார். வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை அவருக்குத் தெரியும். நாலைந்து முறை கூலி நாளில் கிடங்குக்கு வந்திருக்கிறார்.

“அக்கா, இந்த மாசத்துக்கானது” என்று பணத்தை நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார், தொடவில்லை.

“இன்னும் எவ்வளவு இருக்கு?”

“எழுபத்து மூவாயிரத்து நானூறுக்கா. கொஞ்சம் கொஞ்சமா முழுசும் குடுத்துருவேன். ஒரு காசு வெக்க மாட்டேன்.”

“வேணாம்.”

“அக்கா…”

“வேணாம்னு சொல்றேன்ல? அவரு இருந்திருந்தா ஒத்தக் காசு விட்டிருக்க மாட்டாரு. அவரு வட்டிக்காரருதான், எனக்குத் தெரியாதா? ஆனா எம்புருசன். நான் விட்டுட்டேன், முழுசும். உங்க மேல இரக்கப்பட்டுன்னு நெனச்சுக்காதீங்க. மாசா மாசம் இந்த வாசல்ல உங்க மொகத்தைப் பாக்க என்னால முடியாது. அவனும் உங்க ஜாடைதானாமே?”

“ஆமாக்கா” என்றேன்.

“கணக்கு முடிஞ்சுருச்சு. போங்க.”

கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாளும் போட்டார். நான் பணத்தை நீட்டிய கையை மடக்காமலே அங்கே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.